இரண்டு வினாடியில் ஒரு மழைக்காலம்

பொம்மை சேகரிப்பவர்களுக்கான கண்காட்சியில் ஸ்டால் போடுகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு மேசைதான். அமெரிக்காவில் 8 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்ட மேசைகள் வழக்கம். சாதாரணமாக நடக்கிற ஒருவர் வினாடிக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர் கடக்கிறார். 8 அடி என்பது 2.4 மீட்டர். மாதக்கணக்கில் தைத்து, வண்ணம் தீட்டி, அடுக்கி வைத்த அத்தனையையும் இரண்டே வினாடியில் அவர் தாண்டிப் போய்விட முடியும்.

அந்த இரண்டு வினாடியில் அவருடைய கண்கள் என்ன செய்கின்றன? கண் எதையும் வழுக்கிக்கொண்டே பார்ப்பதில்லை. ஓரிடத்தில் நிற்கிறது, சட்டென்று தாவுகிறது, மறுபடி நிற்கிறது. வினாடிக்குச் சுமார் மூன்று தடவை இப்படி நடக்கிறது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பார்வையின் நடுவே ஏறத்தாழ இரண்டு டிகிரி அளவுள்ள சிறு வட்டம் மட்டுமே கூர்மையாகத் தெரியும். சுற்றியுள்ள மற்றதெல்லாம் மங்கல். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால், நகத்தின் அகலம்தான் கிட்டத்தட்ட அந்த இரண்டு டிகிரி. இரண்டு மீட்டர் தூரத்தில் அந்த வட்டத்தின் குறுக்களவு 7 சென்டிமீட்டர். ஆக, கடந்துபோகிறவர் நம் மேசையை உண்மையில் பார்ப்பது உள்ளங்கையைவிடச் சிறிய ஆறு வட்டங்களாகத்தான்.

ஸ்டாலுக்கு ஒரு 'தீம்', அதாவது எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டும் கருப்பொருள், எதற்கு என்ற கேள்விக்கு இந்தக் கணக்கிலேயே விடை இருக்கிறது. மேசையில் இளவரசி ஒரு பக்கம், கால்பந்து வீரர் ஒரு பக்கம், மரச் சாமான் ஒரு பக்கம் என்று இருந்தால் ஆறு வட்டங்களும் ஆறு தனிச் செய்திகளைச் சொல்லும். மூளைக்கு அவற்றைச் சேர்த்துப் பார்க்க நேரம் கிடைக்காது. மேசை முழுவதும் ஒரே மழைநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் எங்கே நின்றாலும் ஒரு குடை, ஒரு ரப்பர் பூட்ஸ், நனைந்த கல்தரை, சாம்பல்நீல வானம். ஆறு பார்வையும் ஒரே சொல்லைச் சொல்லும். மூன்றாவது பார்வையிலேயே கால் தயங்கும். தீம் என்பதை அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது தகவலைச் சுருக்கிச் சொல்லும் கலையாகவே படுகிறது.

மழைநாளை நான் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. பொம்மை ஸ்டால் போடுகிறவருக்கு இதைவிடக் கடினமான தீம் குறைவு. அதனால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. தோக்கியோவில் 'பிக் சைட்' என்ற பிரம்மாண்டமான கண்காட்சி மையத்தில் 'டால்பா' என்று செல்லமாக அழைக்கப்படும் 'டால்ஸ் பார்ட்டி' நடக்கிறது. கியோட்டோவைச் சேர்ந்த வோக்ஸ் நிறுவனம் நடத்தும் விழா அது. நிறுவனத்தின் பொம்மைகளோடு, வீட்டில் தைத்தவர்களும் செருப்பு செய்தவர்களும் சிறு மேசைகளில் தங்கள் சரக்கை விற்பார்கள். அப்படி ஒரு மேசையில், 30 சென்டிமீட்டர் உயரப் பொம்மைகளுக்கான மழைக்கோட்டும் குடையும் விற்கிற ஒரு தையல் கலைஞரைக் கற்பனை செய்துகொள்வோம். பார்பியின் உயரமும் ஏறக்குறைய இதுதான்: பதினொன்றரை அங்குலம். மனித உருவத்தில் ஆறில் ஒரு பங்கு. இந்த ஆறு என்ற எண் அவரைப் படுத்தப்போகும் பாட்டைப் பிறகு பார்க்கலாம். முதலில் பொம்மைகளை அடுக்க வேண்டும்.

மேசையின் உயரம் 75 சென்டிமீட்டர். எதிரே 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்பவரின் கண் தரையிலிருந்து 150 சென்டிமீட்டர். மேசையின் விளிம்பிலிருந்து 10 சென்டிமீட்டர் உள்ளே முதல் வரிசைப் பொம்மைகள்; அதன் பின்னே 20 சென்டிமீட்டருக்கு ஒரு வரிசை. எல்லாம் சமதரையில் நின்றால் இரண்டாம் வரிசையில் தலையும் தோளும்தான் தெரியும்; கீழே 17 சென்டிமீட்டர் மறைந்துபோகும். அந்தப் பூட்ஸுகளும் தெரிய வேண்டுமானால் இரண்டாம் வரிசையை 17 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். மூன்றாம் வரிசைக்கும் அதே 17 போதுமா? போதாது. அதற்கு மேலும் 24 தேவை. நான்காவதுக்கு அதற்கும் மேல் 29. பின்னே போகப்போகப் படிகள் உயரமாகிக்கொண்டே போகின்றன! பார்ப்பவரின் கண்ணிலிருந்து முன்வரிசைத் தலையைத் தொட்டுக்கொண்டு போகும் கோடு, வரிசை உயர உயரச் சாய்வு குறைந்து கிடையாகிவிடுவதுதான் காரணம். நான்காம் வரிசைப் பொம்மையின் தலை பார்ப்பவரின் தலைக்கே மேலே போய்விடும். அதனால் கெட்டிக்கார ஸ்டால்காரர் மூன்று வரிசையோடு நிறுத்தி, நான்காவது இடத்தை வானம் வரைந்த திரைக்குக் கொடுத்துவிடுகிறார்.

நம் வீட்டுக் கொலுவில் எல்லாப் படியும் ஒரே உயரம், அங்கே மட்டும் எப்படி எல்லாம் தெரிகிறது என்று கேட்கலாம். கொலுவைப் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறோம். தூரம் கூடினால் கோடுகளின் சாய்வில் வரிசைக்கு வரிசை உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும். சமமான படிகளே போதும். ஸ்டாலில் வாங்குபவர் மேசையை இடித்துக்கொண்டு நிற்கிறார்.

110 சென்டிமீட்டரில் கண் உள்ள ஒரு குழந்தைக்கு இந்தக் கணக்கு மொத்தமும் மாறிவிடும். முன்வரிசை முழுதாகத் தெரியும், அதற்குப் பின்னால் எல்லாமே மேல்பகுதி மட்டும். பின்வரிசைப் பொம்மைகளை முன்வரிசையின் இடைவெளிகளில் நிறுத்துவதும், குழந்தை தொட்டுப் பார்க்கக்கூடிய சிறு குடைகளை விளிம்பில் வைப்பதும் இதற்காகத்தான்.

இப்போது முகங்கள். நம் மூளை ஒரு முகத்தை மற்றப் பொருள்களிலிருந்து பிரித்து அறிய வினாடியில் ஆறில் ஒரு பங்கு நேரம் போதும். தலையில் மின்முனை வைத்து அளந்தால், முகத்தைக் காட்டிய 170 மில்லிவினாடியில் ஒரு தனி அலை எழுவதைப் பார்க்கலாம். மூளையின் இந்தப் பழக்கத்தைப் பொம்மை செய்வோர் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். சில பொம்மைகளின் கண், நாம் எங்கே போனாலும் திரும்பிப் பார்ப்பதுபோல் தோன்றும். உள்ளே எந்த இயந்திரமும் இல்லை. கருவிழி வெளியே பிதுங்கியிருப்பதற்குப் பதிலாக ஒரு குழியின் அடியில் இருக்கிறது. நாம் இடப்பக்கம் நகர்ந்தால் குழியின் வலப்பக்கச் சுவர் அதிகம் தெரியும். ஆனால் கண் என்றால் பிதுங்கித்தான் இருக்கும் என்று மூளை பிடிவாதமாக நம்புகிறது. குழியை மேடாகப் புரிந்துகொள்கிறது. மேடு இப்படித் தோன்ற வேண்டுமானால் அது நம்மை நோக்கித் திரும்பியிருக்க வேண்டுமே! அதனால் பொம்மை திரும்பியதாக நமக்குத் தோன்றுகிறது. ஸ்டாலின் நடுவில் இப்படி ஒரே ஒரு பொம்மை இருந்தால் போதும்.

ஆறு என்ற எண்ணுக்கு வருவோம். ஒரு மழைக்கோட்டை ஆறில் ஒரு பங்காகக் குறைப்பது வெட்டும் தாளைச் சிறிதாக்கும் வேலை மட்டும் என்று தோன்றும். துணி அதற்கு ஒத்துழைக்காது. 1930-இல் மான்செஸ்டரில் எஃப். டி. பியர்ஸ் என்ற ஆய்வாளர் துணியின் 'கைப்பதத்தை' எண்ணால் அளக்க ஒரு வழி கண்டார். துணித் துண்டை ஒரு பலகையின் விளிம்புக்கு வெளியே மெல்லத் தள்ள வேண்டும். நுனி தன் எடையால் தொய்ந்து 41.5 டிகிரி சரிவைத் தொட்டதும் நிறுத்தி, வெளியே நீண்ட அளவை அளக்க வேண்டும். அதில் பாதிதான் 'வளைவு நீளம்': துணி தன் எடைக்கு எவ்வளவு எளிதாக வளைந்து கொடுக்கிறது என்பதன் அளவு. இன்றும் ஜவுளி ஆய்வகங்கள் இந்த முறையைப் பயன்படுத்துகின்றன.

பொம்மையின் பாவாடை நம் பாவாடைபோல் மடிந்து தொங்க வேண்டுமானால் அதன் வளைவு நீளமும் ஆறில் ஒன்றாகக் குறைய வேண்டும். இங்கேதான் இயற்கை ஒரு முட்டுக்கட்டை போடுகிறது. துணியை ஒரே சீரான தகடாக எண்ணிக் கணக்குப் போட்டால், தடிமன் பாதியானால் எடையும் பாதியாகும். விறைப்போ எட்டில் ஒன்றாகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வளைவு நீளத்தை ஆறில் ஒன்றாக்கத் தடிமனை ஆறில் ஒன்றாக்கினால் போதாது. ஏறத்தாழ பதினைந்தில் ஒன்றாக்க வேண்டும். 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள சட்டைத்துணிக்குப் பதில் 0.02 மில்லிமீட்டர் துணி. ஒரு பருத்தி இழையின் தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவுதான். நூல் நூற்க வழியில்லை, நெய்ய வழியில்லை. ஒற்றை இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தால்தான் அந்தத் துணி கிடைக்கும். பொம்மைக்குச் சரியான துணி உலகத்தில் இல்லை. இருக்கவும் முடியாது.

இல்லாத துணியை இருப்பதாகக் காட்டுவதுதான் பொம்மைத் தையலின் மேதைமை. மிக மெல்லிய பருத்தி, பழைய பட்டு, குழந்தைகளின் கைக்குட்டை என்று மெலிந்ததையெல்லாம் தேடிப் பிடிக்கிறார்கள். இழைகளுக்கு 45 டிகிரி சாய்வாக வெட்டுகிறார்கள். அந்தத் திசையில் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று சரிவதால் துணி இளகி விழுகிறது. உள்துணியை எடுத்துவிட்டு மெல்லிய வலைத்துணி வைக்கிறார்கள். மடிப்புகளைப் பலகையில் ஊசி குத்தி நிறுத்தி, ஆவி காட்டி, உலரவிடுகிறார்கள். விளிம்புக்குள் நுண்மணிகளைக் கோத்துக் கனம் சேர்க்கிறார்கள். அல்லது தலைமுடி அளவு கம்பியைச் செருகி, காற்றில் பறக்கும் விளிம்பை அப்படியே நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த வித்தைக்கு வரலாற்றில் ஓர் ஈடில்லாத மேடை அமைந்தது. 1945 மார்ச். பாரிஸ் விடுதலையாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. துணியும் இல்லை, தோலும் இல்லை. ஆனால் உலகின் ஆடை அலங்காரத் தலைநகரம் நாங்கள்தான் என்று சொல்ல வேண்டும். போரில் நொந்தவர்களுக்கு நிதியும் திரட்ட வேண்டும். லூவ்ர் மாளிகையிலுள்ள அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் 'தியாத்ர் த லா மோத்', அதாவது ஆடைகளின் அரங்கு, திறந்தது. கம்பியால் வளைத்த உடலும் வெண்சாந்துத் தலையுமாக, சுமார் 70 சென்டிமீட்டர் உயரத்தில் 200க்கும் மேற்பட்ட பொம்மைகள். பாலென்சியாகா, லான்வின், நினா ரிச்சி போன்ற பெரும் ஆடையகங்கள் தங்கள் புதிய ஆடைகளை அந்த அளவில் தைத்துக் கொடுத்தன. சிறு பொத்தான்கள் உண்மையிலேயே திறந்து மூடின. கைப்பைகளுக்கும் கையுறைகளுக்கும் அதே அளவுச் சிரத்தை. ஜான் காக்தோ உள்ளிட்ட கலைஞர்கள் அமைத்த காட்சிகளில், தெருவிலும் நாடக அரங்கிலும் பூங்காவிலும் பொம்மைகள் நின்றன. ஒரு லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். மனித உயரத்தில் பாதிக்கும் குறைவான உருவத்துக்குக் கால் பங்குக்கும் குறைவான துணி போதும். பஞ்சகாலத்துக்கு இதைவிடப் பொருத்தமான காட்சியரங்கம் இருக்க முடியுமா? ஒவ்வொரு காட்சியும் ஒரு தீம். இன்றைய பொம்மை ஸ்டால்களுக்கு முன்னோடி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். 1946-இல் அமெரிக்கா போன அந்தப் பொம்மைகள் அப்போது பாரிஸுக்குத் திரும்பவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றை ஒட்டிய மேரிஹில் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன; சில காட்சிகளாகச் சுழற்சி முறையில் வெளியே வருகின்றன.

நம் தையல் கலைஞரின் மேசையில் ஆடை தயார். மழை வேண்டும். இங்கே துணியைவிடப் பெரிய பிடிவாதக்காரரைச் சந்திக்கிறோம்: தண்ணீர். நீரின் மேற்பரப்பு எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கிறது; இதற்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். ஈர்ப்பு விசை நீரைத் தட்டையாக்கப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடக்கும் போட்டியில் 2.7 மில்லிமீட்டர் என்பதுதான் எல்லைக்கோடு. அதைவிடச் சிறியதாக இருந்தால் நீர் உருண்டையாகும், பெரியதாக இருந்தால் பரந்து படுக்கும். இந்த எல்லை பொம்மைக்காக மாறாது. பொம்மையின் மழைக்கோட்டில் 2 மில்லிமீட்டர் துளி ஒன்று நின்றால், பொம்மையின் உலகில் அது 12 மில்லிமீட்டர். மெழுகு பூசிய தரையில் தேங்கும் நீருக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் கனம் உண்டு. பொம்மைக்கு அது கிட்டத்தட்ட ஓர் அங்குலத் தடிப்புள்ள, ஓரம் உருண்ட பாளம். உண்மையான தண்ணீர்தான் பொம்மை ஸ்டாலில் மிகப் பெரிய பொய்யாகத் தெரியும்.

அதனால் மழையில் ஒரு சொட்டுக்கூட நீர் இல்லை. கல்தரைக்குச் சாம்பல் வண்ணம் பூசி, பள்ளங்களில் மட்டும் பளபளப்பான வார்னிஷை மெல்லப் பரப்புகிறார்கள். நனைந்த கல் இருண்டு தெரியும் என்பதால் தேக்கத்தைச் சுற்றிலும் ஓர் அடர்நிழல் விடுகிறார்கள். கோட்டின் தோளில் துளிகள் வேண்டுமா? தெளிந்த ரெசின், அதாவது இறுகும் செயற்கைப் பிசின், ஊசிமுனையால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான புள்ளிகளாக வைக்கப்படுகிறது. மேலே, ஜப்பானியக் குழந்தைகள் மழை நிற்க வேண்டிச் சன்னலில் கட்டும் 'டெரு டெரு போஸு' என்ற வெள்ளைத்துணிப் பொம்மை, சுண்டுவிரல் நகத்தின் அளவில். பார்ப்பவருக்கு ஒரே கணத்தில் ஜூன் மாத ஜப்பான் முழுவதும் வந்துவிடும்.

தலைமுடிக்கும் இதே தொல்லை உண்டு. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர், பொம்மைக்கு வைத்தால் ஆறு மடங்கு கனமாக, தூண்டில் நரம்பாகத் தெரியும். அங்கோரா ஆட்டின் இளங்குட்டிகளின் மோஹேர் ரோமம் அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய ஜெர்மன் பொம்மைகள் பலவற்றிலும் மோஹேர் இருந்தது.

ஒளியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மழைத் தீமுக்கும் வியாபாரத்துக்கும் இங்கே நேரடி மோதல். மழைநாள் என்றால் நிழலில்லாத, நீலம் தோய்ந்த மங்கலொளி. வாங்குபவருக்கோ துணியின் உண்மையான நிறம் தெரிந்தாக வேண்டும். தீர்வு, வெளிச்சத்தை இரண்டாகப் பிரிப்பது: பின்திரைக்கு நீலமான பரவல் ஒளி, விற்பனைக்கு உள்ள முன்வரிசைக்குப் பக்கவாட்டிலிருந்து வெள்ளொளி. அந்த வெள்ளொளி விளக்கை வாங்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெட்டியில் 'சிஆர்ஐ' என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். நிறங்களைப் பகலொளிபோல் எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண் அது. நூறுதான் முழு மதிப்பெண். ஆனால் எட்டு வெளிர்நிறங்களை வைத்துத்தான் அந்த மதிப்பெண்ணைக் கணக்கிடுகிறார்கள். அடர்சிவப்பு அதில் சேர்வதே இல்லை. 80 மதிப்பெண் வாங்கிய விளக்கும் அடர்சிவப்பில் பூஜ்யத்தை ஒட்டி நிற்கலாம். உதட்டுக்கும் கன்னத்துக்கும் உயிர் கொடுப்பதே சிவப்பு! அந்த விளக்கின்கீழ் பொம்மைகளெல்லாம் காய்ச்சலில் படுத்து எழுந்ததுபோல் வெளிறிவிடும். விவரம் தெரிந்தவர்கள் 'ஆர்9' என்ற தனி எண்ணைக் கேட்டு வாங்குகிறார்கள்.

அந்தக் கன்னத்துச் சிவப்பு எப்படி வருகிறது என்பதும் ஒரு விந்தை. வழவழப்பான ரெசினில் பொடிவண்ணம் ஒட்டாது. முதலில் பளபளப்பில்லாத வார்னிஷைப் புகையாகத் தெளிக்கிறார்கள். காய்ந்ததும் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உருவாகின்றன. சுண்ணப்பொடி வண்ணம் அவற்றில் சிக்கிக்கொள்கிறது. மறுபடி வார்னிஷ், மறுபடி வண்ணம், இப்படி அடுக்கடுக்காக. அதே மேடுபள்ளங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் பிளாஸ்டிக் மினுக்கம் போய்த் தோலின் மென்மை வருகிறது. இந்த வேலையை மழைக்காலத்தில் செய்யக் கூடாது. வார்னிஷின் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் அங்கே நீர் படிந்து முகம் வெள்ளை பூத்துவிடும். ஆக, மழைநாள் ஸ்டாலின் முகங்கள் அத்தனையும் வறண்ட நாளில் தீட்டியவை.

மேசையின் நடுவே, தன் 30 சென்டிமீட்டர் தங்கைகளுக்கு மேலாக, 60 சென்டிமீட்டர் உயரப் பொம்மை ஒன்று ஒற்றைக் காலில் எடையைச் சாய்த்து நிற்கிறது. இது பந்துமூட்டுப் பொம்மை. வோக்ஸ் 1999-இல் 'சூப்பர் டால்ஃபி' என்ற பெயரில் கொண்டுவந்து, உலகெங்கும் ஒரு சேகரிப்பு அலையை எழுப்பிய வகை. உடலைக் கழற்றிப் பார்த்தால் திருகாணி கிடையாது. எல்லா உறுப்பும் உள்ளே கூடு. தலையிலிருந்து உடல் வழியே இரு கால்களுக்கும் ஓடும் ஒரு ரப்பர் கயிறு. ஒரு கையிலிருந்து மார்பைக் கடந்து மறு கைக்கு இன்னொன்று. கொக்கிகளில் மாட்டிய அந்த இழுவைதான் பந்துகளைக் கிண்ணங்களுக்குள் அழுத்திப் பிடிக்கிறது. பொம்மை நிற்பது உராய்வால். கயிறு தளர்ந்தால் மண்டியிடும். அதிகம் இறுகினால் கால் தானாக உதைத்துக்கொள்ளும். மூட்டுக் கிண்ணத்துக்குள் மெல்லிய, சொரசொரப்பான தோல் துண்டு ஒன்றை ஒட்டினால் உராய்வு கூடி, வைத்த நிலை அப்படியே நிற்கும். எவ்வளவு எளிய வைத்தியம்!

பார்பி 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைச் சந்தையில் அறிமுகமானபோது நிற்பதற்கு வேறு வழி வைத்திருந்தது. பாதத்தில் துளை, துளைக்குள் செம்புக் குழாய். தாங்கியின் இரண்டு முளைகள் அதில் நுழையும். அடுத்த வார்ப்பிலேயே துளைகளைக் கைவிட்டார்கள். அதனாலேயே சேகரிப்பாளர்கள் பழைய பார்பியைக் கையில் எடுத்ததும் முதலில் உள்ளங்காலைப் பார்க்கிறார்கள்.

அடுத்து அவர்கள் பார்ப்பது காதை. அங்கே பச்சை படர்ந்திருக்கிறதா? மென்மையான வினைல் பொம்மைக்குள் 'நெகிழ்ப்பி' என்ற எண்ணெய்போன்ற பொருள் கலந்திருக்கிறது. கெட்டிப் பிளாஸ்டிக்கை வளையவைப்பது அதுதான். வினைலில் அது கட்டிப்போடப்படவில்லை. வருடக்கணக்கில் மெல்ல ஊர்ந்து வெளியே வருகிறது. செம்பு கலந்த கம்மலைத் தொட்டால் பச்சைக் கறை. கெட்டிப் பிளாஸ்டிக் சாமானைத் தொட்டால் அதை உருக்கித் தழும்பாக்கும். கால்களில் கசிந்தால் பிசுபிசுக்கும். பொம்மை சும்மா நிற்கும்போதும் அதன் வேதியியல் சும்மா இருப்பதில்லை.

மழை ஸ்டாலுக்கு இதனால் ஒரு சங்கடம் உண்டு. கருநீல மழைக்கோட்டும் சிவப்புப் பூட்ஸும் பார்க்க அழகு. அடர்ந்த சாயம் வெளிர்நிற வினைலுக்குள் இறங்கிவிட்டால் துடைத்து எடுக்க வழியில்லை. அதனால் கோட்டுக்குள் வெள்ளை உள்துணி, பூட்ஸுக்குள் வெள்ளைக் காலுறை. வீட்டுக்குப் போனதும் கழற்றி வையுங்கள் என்று விற்பவரே சொல்லி அனுப்புகிறார். ரெசின் பொம்மைகளுக்கோ எதிரி சூரியன். புறஊதாக் கதிர் பட்டால் அந்த ரெசினான பாலியூரித்தேனின் மூலக்கூறுகள் மாறி மஞ்சள் ஏறும்; தடுப்பு மருந்து கலந்தாலும் வேகம் குறையுமே தவிர நிற்காது. வெயில் விழாத மேசை கிடைத்தால் அன்றைக்கு யோகம்தான்.

பக்கத்து மேசையில் பழங்காலப் பீங்கான் பொம்மைகள் விற்பவர் இருந்தால், அவரிடம் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பது நல்லது. மெருகேற்றாத பீங்கான் முகம். தலையின் உச்சி மூடியைத் திறந்து உள்ளே சிறு விளக்கை விட்டால் முகமே ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தால் அது கருங்கோடாக வெளிப்பட்டுவிடும். புறஊதா விளக்கைக் காட்டினால் பிற்காலத்தில் பூசிய வண்ணம் வேறு மாதிரி மின்னும். படுத்தால் மூடும் கண்களுக்குள் ஓர் அச்சும் அதில் தொங்கும் ஈயக் குண்டும் இருக்கின்றன. தலை சாய்ந்தாலும் குண்டு நேர்கீழாகவே தொங்கும், அவ்வளவுதான் தூக்கத்தின் ரகசியம். பிடரியில் 'ஜெர்மனி' என்று பொறித்திருந்தால் காலத்தைக் கணிக்க ஒரு பிடி கிடைக்கும்: 1891 முதல் அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. சுங்க இலாகாவுக்காகப் போட்ட முத்திரை, நூற்றாண்டுக்குப் பின் பொம்மையின் பிறப்புச் சான்றாகிவிட்டது.

மழை ஸ்டாலுக்குத் திரும்பினால், வந்தவர் கோட்டின் விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மனிதக் கோட்டின் துணியில் முப்பத்தாறில் ஒரு பங்குதானே, விலை ஏன் இவ்வளவு? துணி சுருங்கியதே தவிர வேலை சுருங்கவில்லை. காலர் ஒன்று, கை இரண்டு, பை இரண்டு. துண்டுகளின் எண்ணிக்கை அதேதான், ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தித் திருப்பும் தடவைகளும் அதேதான். இரண்டரை சென்டிமீட்டர் அகலக் கைப்பகுதி தையல் இயந்திரத்தின் கழுத்துக்குள் நுழையாது என்பதால் வரிசையையே மாற்ற வேண்டும்: கையை மூடித் தைத்துப் பிறகு பொருத்துவதற்குப் பதில், தட்டையாகவே தோளில் பொருத்தி, கடைசியில் கைவிளிம்பிலிருந்து இடுப்பு வரை ஒரே ஓட்டமாக மூட வேண்டும். பொம்மையின் விரல்கள் மடங்காது. அவை சிக்காமல் நுழையும்படி திறப்பைக் கீழே வரை நீட்ட வேண்டும். பொத்தான் 3 மில்லிமீட்டர். அதைக் கையால்தான் தைக்க முடியும். இதையெல்லாம் விற்பவர் வாயால் விளக்குவதில்லை. கோட்டை உட்புறம் திருப்பிக் காட்டுகிறார். தையல் தெரிந்தவராக இருந்தால் விலையைப் பற்றி மேலே பேச்சிருக்காது.

மாலையில் அடுக்கிக் கட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. பெரிய பொம்மையின் முடியை முதலில் கழற்றுகிறார்கள். இமைமுடி நசுங்காமலிருக்க முகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. மூட்டுகள் ஒன்றோடொன்று உரசாமலிருக்க இடையில் மென்தாள். அடர்நிறக் கோட்டுகள் தனிப் பையில். படிகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பெட்டிகளாகி, உள்ளே விளக்குகள் போகின்றன. கல்தரை இரண்டாக மடிகிறது. வானத்தைச் சுருட்டிக் குழாய்க்குள் செருகிவிடலாம்.